வாசலில் கிடக்காத செருப்புகள்

உங்கள் வீட்டு வாசலில் இப்போது எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது? சும்மா எட்டிப் பாருங்கள். உள்ளே எத்தனை பேர் என்று வெளியே நின்றே எவனும் சொல்லிவிடலாம், இல்லையா? நானும் இதையெல்லாம் யோசித்த ஆள் இல்லை. இன்று காலை, பிளாஸ்டிக் பைக்குள் அடைத்த ரப்பர் செருப்பின் வாசம் மூக்கில் ஏறியதும் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிப்படி ஞாபகம் வந்துவிட்டது.

பூக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த இலவசச் சட்ட உதவி மையம். நடத்தியவர் புஷ்பா மிஸ், கிள்ளான்கார வக்கீல். சட்டம் படித்துக்கொண்டிருந்த நான் சனிக்கிழமைகளில் உதவிக்குப் போவேன். கறுப்புக் கோட் போட்டுக் கோர்ட்டையே அதிரவைக்கப் போவதாகக் கனவு. கிடைத்ததோ மிலோ கலக்குவதும், வந்தவர்கள் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் மாற்றுவதும், கூடவே தரை துடைப்பதும். துடைப்பவள் நான் என்பதால் செருப்பு விஷயத்தில் ரொம்பக் கறார்.

முருகேசன் அண்ணன் மட்டும் கேட்கவே மாட்டார். கடல் தாண்டி வேலைக்கு வந்த ராமநாதபுரத்துக்காரர். கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. அடி தாங்காமல் ஓடிவந்தவர். பாஸ்போர்ட் முதலாளி கையில். ஆள் ஓடிவிட்டான் என்று புகாரும் கொடுத்தாயிற்று. இமிகிரேஷனில் மாட்டினால் உள்ளே, அப்புறம் நேராக ஊருக்கு. மனுஷன் செருப்பைக் கழற்றுவார், பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்வார்.

“அண்ணே, கோயில்னு நினைச்சுக்குங்க. வெளிய விடுங்க லா.”

“கோயில்ல செருப்புதான் காணாமப் போகும் தங்கச்சி. இங்க நானே போயிருவேன்.”

எனக்குப் புரியவில்லை. விளக்கினார்: “படியில பத்து ஜோடி கெடந்தா, மேல பத்து பேரு இருக்கோம், வந்து புடிங்கன்னு போர்டு மாட்டுனாப்புல.”

அடுத்த வாரமே எல்லார் மடியிலும் பை. அறை முழுக்க ரப்பரும் மிலோவும், கீழேயிருந்து ஏறிவரும் மல்லிகையும்.

ஒரு நாள் படியில் பூட்ஸ் சத்தம். பேச்சு நின்றது. பைகள் சரசரத்தன. அண்ணன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்கதவில் கை வைத்துவிட்டார். ‘உங்களுக்கும் உரிமை இருக்கு’ என்று அவரிடம் லெக்சர் அடித்திருந்த நான், அலமாரிக்குப் பின்னால். மிஸ்தான் போய்க் கதவைத் திறந்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு டெலிவரிக்காரர்.

“வெளிய வாங்க லாயரம்மா, நாசி லெமாக்தான்,” என்றார் அண்ணன் அலமாரியைப் பார்த்து.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனின் கை மட்டும் பின்கதவை விடவில்லை.

மிஸ்ஸும் விடவில்லை. முதலாளியோடு மல்லுக்கட்டி பாஸ்போர்ட்டை வாங்கினார். இமிகிரேஷனுக்கு நடையாய் நடந்து, வேறு இடத்தில் வேலை பார்க்க அனுமதியும் வாங்கினார். அன்று அண்ணன் செருப்பைக் கீழே படியோரம் கழற்றிவிட்டு, கையை வீசிக்கொண்டு ஏறிவந்தார். திரும்ப இறங்கிப் பார்த்தால், செருப்பைக் காணோம்!

“போனா போவுது தங்கச்சி. நான் இருக்கேன்ல?” வெறுங்காலோடு ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

இப்போது அவர் காஜாங்கில் சமைக்கிறார். மையம்தான் இல்லை. கட்டடம் கைமாறி, எங்கள் மாடி பட்ஜெட் ஹோட்டல் ஆகிவிட்டது. பூக்கடை இருந்த இடத்தில் ஃபோன் கவர் விற்கிறார்கள். மிஸ் இன்னும் புது இடம் தேடுகிறார். அதுவரைக்கும் முதலாளிகள் சும்மா இருப்பார்களா என்ன? காலையில் அண்ணன் கூப்பிட்டார்: “ரெண்டு பேரு வராங்க தங்கச்சி. அன்னைக்கு நான் இருந்த மாதிரியேதான். மிஸ் வர்ற வரைக்கும் உன் வீட்ல இருக்கட்டும்.”

மிஸ் ஜாமில் மாட்டியிருக்கிறார். மிலோ ஆறிவிட்டது. லிஃப்ட் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் பேச்சை நிறுத்துகிறோம். சாலாக் செலாத்தானில் என் ஃபிளாட். ஹாலில் இரண்டு பேர், மடியில் பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் என் செருப்பு மட்டும்தான் கிடக்கிறது.