நீலம் பச்சையாகத் தெரிந்த வாரம்

முதலில் சோறு கசந்தது. இரண்டொரு நாளில் தட்டைப் பார்த்தாலே குமட்டல். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு நாற்பத்தொன்பது வயது. காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது தொழில். நீரிழிவு (ரத்தத்தில் சர்க்கரை கூடும் நோய்) வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. இதயத் தளர்ச்சி (இதயம் ரத்தத்தை முழு வேகத்தில் தள்ள முடியாத நிலை) என்று சொல்லி, டாக்டர் தினம் ஒரு டிஜாக்சின் மாத்திரை கொடுத்தார். ஒரே வாரத்தில் வீக்கம் வடிந்தது. அந்த மாத்திரைமேல் எனக்கு அளவில்லாத நம்பிக்கை வந்துவிட்டது. மூச்சு வாங்கிய நாட்களில் யாரையும் கேட்காமல் இன்னொன்றும் போட்டுக்கொண்டேன்.

குமட்டலோடு இன்னொன்றும் சேர்ந்தது. வெள்ளைப் பட்டு மஞ்சளாகத் தெரிந்தது. காயப்போட்ட நூலைத் திரும்ப அலசச் சொன்னேன்.

"நல்லா வெள்ளையாத்தானே இருக்குது?" என்றாள் என் மனைவி சரோஜா.

சர்க்கரை கண்ணைக் கெடுத்துவிட்டது என்று முடிவு செய்தேன். கண் கெட்ட சாயக்காரனிடம் யார் நூல் கொடுப்பார்கள்? மறைத்தேன்.

அந்தக் காலத்தில் சர்க்கரையை வீட்டிலேயே சோதிப்போம். கண்ணாடி டியூப்பில் நீல மருந்தை எடுத்து, சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாற மாறச் சர்க்கரை அதிகம். அதைப் பார்த்துத்தான் இன்சுலின் ஊசியின் அளவு. அந்த வாரம் தினமும் பச்சை. சாப்பாடே இறங்காதவனுக்குச் சர்க்கரை எங்கிருந்து வரும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. ஊசியைக் கூட்டினேன்.

வியாழக்கிழமை காலை சாயத் தொட்டியருகே வேர்த்துக் கொட்டியது. எழுந்திருக்கப் பார்த்தது வரைதான் ஞாபகம். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு, அதுவும் விட்டு விட்டு.

"காலையில டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார். பச்சை."

"இல்லீங்க டாக்டர்," என்றாள் சரோஜா. "டியூப்பை நான்தான் கழுவினேன். நீலமாத்தான் இருந்திச்சு. ஒரு வாரமா வெள்ளை நூலையே மஞ்சள்னு சொல்லிக்கினு இருக்காரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "மாத்திரை எத்தனை போடறீங்க?"

சரோஜா பக்கம் திரும்பாமல் சொன்னேன். "சில நாள் ரெண்டு."

"இந்த மருந்து இதயத்தோட ஒவ்வொரு செல்லுலயும் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டும். அதனாலதான் இதயம் அழுத்திச் சுருங்குது. அளவு மிஞ்சினா அதே செல் தாளம் தப்பிடும். சர்க்கரையில உங்க சிறுநீரகம் தளர்ந்திருக்கு. மருந்து வெளியே போகாம தேங்கிடுச்சு. ஒண்ணே உங்களுக்கு அதிகம். குமட்டல், மஞ்சள் எல்லாம் அதோட வேலைதான். உங்க கண் கெடலை. நீலத்தைப் பச்சைன்னு நம்பி ஊசியைக் கூட்டினதுல சர்க்கரை அடியோட இறங்கி மயங்கிட்டீங்க."

மாத்திரையை நிறுத்தினார்கள். நாடி மெல்ல ஏறியது. கால் மறுபடி வீங்கியது. மருந்து இருந்தால் தாளம் தப்பும், இல்லாவிட்டால் மூச்சு முட்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்பது நாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தேன். சரோஜா முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் மட்டும் கேட்டாள்:

"கண்ணு போச்சுன்னு நெனச்சீங்களே, என்னாண்ட சொல்லியிருந்தா நான் பார்த்துச் சொல்லமாட்டேனா?"

இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்னைப்போல மௌனமாக இருக்க வேண்டாம். சாப்பாடு பிடிக்கவில்லை என்றாலும், பார்வை மாறினாலும், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது எனக்கு அரை மாத்திரைதான். போடுவதற்கு முன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் நாடி எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே வந்தால் அன்று மாத்திரை கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். ஒரு நிமிஷம் எத்தனை நீளம் என்று ஐம்பதை நெருங்கிய வயதில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு துடிப்பு விரலில் பட்டு, அடுத்தது வரும்வரை நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

இன்று நாடி ஐம்பத்தெட்டு. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன். பிறகு விரலை எடுத்துவிட்டுச் சரோஜாவைக் கூப்பிட்டேன்.