தராசு காட்டாத எடை

ஞாயிறு காலை ஒன்பது நாற்பதுக்கு என் மகள் எங்கள் கடைத் தராசிலிருந்து இறங்கினாள். மிளகாய் மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு. தரையிலிருந்து அரைச் சாண் உயரம்கூட இல்லை. சிரித்துக்கொண்டே இறங்கியவள் கால் தவறி விழுந்தாள், கையை ஊன்றினாள். வற்றல் மிளகாயின் காம்பை ஒடித்ததுபோல் ஒரு சத்தம். இப்போதும் கடையில் அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

எங்கள் ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு ஞாயிறு விடுமுறை. எட்டு மாதமாக அன்றைக்கு ஷட்டரைப் பாதி தூக்கி, மகளைத் தராசில் நிறுத்துவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. இருபத்து நான்கு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. மூன்று வருடம் கழித்து, சர்க்கரைக்கும் எடைக்குமாக வாரம் ஒரு ஊசி தொடங்கினார்கள். தொடங்கும்போது தொண்ணூற்றாறு கிலோ, அன்று எழுபத்தெட்டு. ஒவ்வொரு கிலோ குறையும்போதும் நானும் மனைவியும் கைதட்டினோம்.

ஆஸ்பத்திரியில் மலையாளி எலும்பு டாக்டர் ஒருவர் மணிக்கட்டில் கட்டுப் போட்டார். என்னென்ன மருந்து என்று விசாரித்தவர், ஊசி என்றதும் நிமிர்ந்தார்.

"இந்த வயசில், இத்தர சின்ன வீழ்ச்சைக்கு ஒடியக் கூடாதல்லோ. சர்க்கரை டாக்டர் வரட்டும், அவங்க தீருமானிக்கட்டும்."

காத்திருந்தோம். ஊசியை நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் மகளின் பயம். அந்த ஊசிக்குப் பிறகுதான் அவள் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. கழக்கூட்டத்து ஆபீசில் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேற ஆரம்பித்ததும் அதன் பிறகுதான்.

"அந்த எழவு ஊசி வேண்டவே வேண்டாம்," என்றாள் மனைவி.

"நீங்கதானேம்மா புதன்கிழமை தோறும் ஃபிரிட்ஜைத் திறந்து வெச்சு, போட்டியா போட்டியான்னு கேப்பீங்க?"

எடை வேகமாகக் குறைந்ததில் எலும்பும் மெலிந்திருக்கலாம் என்ற எலும்பு டாக்டரின் பின்னாலேயே நான் அலைந்தேன். எடை குறைந்தால் எலும்பு ஏன் மெலிய வேண்டும்? சுமை குறையும்போது எலும்பும் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும் என்றார். சாப்பாடு குறைந்தால் அதைக் கட்டும் சரக்கும் குறையும். எலும்பு உள்ளே சும்மா நிற்கவில்லை, தினமும் இடித்துக் கட்டப்படுகிறது என்று ஐம்பத்து நான்கு வயதில் முதல்முறை தெரிந்துகொண்டேன். அப்படியானால் சர்க்கரை நோய்? அதுவும் தன் பங்குக்கு எலும்பைப் பலவீனமாக்கும். ஸ்கேனில் நன்றாகத் தெரிந்தாலும் ஒடியலாம் என்றார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, ஒடிந்த இடத்தின் மெல்லிய கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, எனக்குக் கை ஒடிஞ்சு கிடக்கு. நீங்க பாடம் படிக்கியளா?" என்றாள் மகள்.

படித்துக்கொண்டுதான் இருந்தேன். மிளகாய் மூட்டை எடை குறைந்து வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, ஈரம் போயிற்றா, சரக்கு போயிற்றா என்பது. கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் எந்த மூட்டையையும் இறக்கியதில்லை. பெற்ற மகளிடம் பதினெட்டு கிலோ குறைந்தது; அதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று ஒரு ஞாயிறுகூடக் கேட்கவில்லை.

ஒன்றரை மணிக்கு, ஊசியைத் தொடங்கிவைத்த டாக்டரம்மா வந்தார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். எக்ஸ்ரேயை ஒருமுறை பார்த்துவிட்டு மகளின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டே மக்களே?"

"காலையில ஒரு இட்லி. பொறவு மோர்."

"ஒரு நாள் முழுக்கவா?"

"பசிக்கல்ல டாக்டர்."

மனைவி இடையில் புகுந்தாள். "டாக்டர், ஊசிய நிறுத்திரலாமா?"

"நிறுத்தண்டாம். இந்த ஒரு ஒடிவ வெச்சு ஊசிதான் காரணம்னு சொல்ல முடியாது. சர்க்கரையும் இருக்கு, பட்டினியும் இருக்கு. எலும்பு ஸ்கேன் எடுப்போம், ரத்தத்துல வைட்டமின் டி பார்ப்போம். ஊசி அளவ இப்பக் கூட்டண்டாம்." மகளின் பக்கம் திரும்பினார். "பசி வராது, கேட்டியா. அதுக்குத்தானே ஊசி. பசி கூப்பிடாட்டாலும் நேரத்துக்கு உக்காந்து பயறு, முட்டை, தயிர் எல்லாம் சாப்பிடணும். கை கூடின பொறவு வெயிட் தூக்கப் படிக்கணும், நடந்தா மட்டும் போதாது. மணி ஒண்ணரை ஆச்சு. சாப்பிட்டியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்பா, போய் ரெண்டு அவிச்ச முட்டை வாங்கிட்டு வாங்க," என்றார் டாக்டரம்மா என்னிடம்.