வாசல் வைக்காத வேலி

எங்கள் மாட்டுப் பண்ணையில் எல்லா வேலிக்கும் மூன்று கம்பி. ஒரு வேலிக்கு மட்டும் ஐந்து. மற்ற வேலிகளுக்கெல்லாம் கேட் உண்டு, அதற்குக் கிடையாது. ஆற்றோரம் தாழ்ந்து கிடக்கும் எட்டு ஏக்கரை அது சுற்றி வளைத்திருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் ஏன் இப்படி என்று கேட்டேன். புல் கசக்கும் என்றார் மாமனார். அங்கே நிலம் உள்வாங்கும் என்றார் என் கணவர். "அது அத்தையோட அரண்மனைம்மா" என்று சிரித்தார் மேய்ப்பர். ஆளுக்கொரு பதில் வந்தால் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் அர்த்தம். தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆள் என் மாமனாரின் அக்கா. என் கணவருக்கு அத்தை. நானும் அத்தை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். சுற்றுவட்டாரத்தில் அவருக்குக் கம்பியம்மா என்று பெயர். காலையில் தோளில் ஒரு பை, அதில் குறடு, சுத்தியல், ஆணி, ஒரு சுருள் முள்கம்பி. நாள் முழுக்க வேலியோரமாக நடப்பார். எங்கே கம்பி தொய்ந்திருக்கிறதோ அங்கே உட்கார்ந்து இழுத்துக் கட்டுவார். இரண்டு கைகளிலும் கிழிபடாத இடமே கிடையாது. இரண்டு முறை பெண் கேட்டு வந்தார்களாம். "நான் போயிட்டா வேலிய யாரு பாக்கறது?" என்று இரண்டு பேரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். திமிர் பிடித்தவள் என்று ஊர் பேசியது. நானும்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

எங்கள் வட்டாரத்தின் நூறாவது ஆண்டுக்கு ஒரு மலர் போட்டார்கள். அதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு முழுப் பக்கம். நாற்பது மாடுகளோடு வந்து இறங்கிய முதல் தலைமுறை, ரயில் வந்தது, இறைச்சி ஆலை வந்தது, ஆலை மூடியது எல்லாம் இருந்தது. அத்தையின் அப்பாவை நாங்கள் பெரியவர் என்போம். அவரைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்கள்: "கொடும் வறட்சியில் மந்தையை இழந்தும் மனம் தளராமல், ஊரைவிட்டுப் போனவர்களின் நிலங்களையும் வாங்கிப் பண்ணையை இரண்டு மடங்காக்கினார்." அந்த ஆண்டு ஆறு குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. போனவர்கள் சோம்பேறிகள், நின்றவர் உழைப்பாளி என்று புரிந்துகொண்டு என் மகளுக்கு அந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

மேய்ப்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்தவர், அறுபது வயது. அவருடைய அப்பாவும் இங்கேதான் வேலை பார்த்தார். இவருக்கு எட்டு வயதாகும்போது அந்த அப்பா பாம்பு கடித்து இறந்துபோனார். பெரியவர்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் குடியிருக்க இடம் கொடுத்துக் காப்பாற்றினார் என்பார்கள். அன்றிலிருந்து பாம்பைக் கண்டால் மேய்ப்பர் விடமாட்டார். கையில் எப்போதும் ஒரு தடி இருக்கும். விஷமில்லாத சாரைகூடத் தப்பாது. "அண்ணே, சாரை இருந்தாத்தான் தீவனக் கொட்டகையில எலி குறையும்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"எலி தின்னாத் தின்னுட்டுப் போகட்டும்மா. எங்கப்பன் வருவானா?" என்பார்.

போன கோடையில் அத்தை அந்த ஐந்து கம்பி வேலியைக் கட்டும்போது தடுமாறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில் படுக்கை. அந்த வருஷம் பார்த்து மழையும் கையை விரித்துவிட்டது. மேய்ச்சல் நிலமெல்லாம் வெறும் மண். எட்டு ஏக்கர் மட்டும் பச்சையாக நின்று எங்கள் கண்ணைக் குத்தியது. அத்தையிடம் ஒரு வார்த்தை கேள் என்று கணவர் என்னை அனுப்பினார்.

"அந்த வேலியத் தொறக்கக் கூடாது" என்றார் அத்தை.

"ஏன் அத்தை? மாடெல்லாம் எலும்பும் தோலுமா நிக்குது."

"கூடாதுன்னா கூடாது. எங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்."

காரணம் கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கோபப்பட்டும் பார்த்தேன். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன். "சத்தியத்தையா மாடு தின்னும்?" என்றார் கணவர். மறுநாள் காலையில் அவரே கம்பியை வெட்டி, அறுபது மாடுகளை உள்ளே விட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். மாடுகள் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றதைப் பார்க்க மனசு குளிர்ந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு பசு செத்துக் கிடந்தது. வயிறு உப்பி, மூக்கில் ரத்தம். மறுநாள் இன்னும் இரண்டு. ஏதோ விஷப்பூண்டு என்று கணவர் நினைத்தார். மாட்டு டாக்டர் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம்: செத்த மாட்டைத் தோலோடு புதைப்பதில்லை. அறுத்து, எதனால் செத்தது என்று உள்ளே பார்த்து, தோலை உரித்து உப்புப் போட்டு வைத்துவிடுவோம். தோலோடு புதைக்கிறவனுக்கு மாடு வளர்க்கத் தெரியாது என்பது பெரியவர் காலத்துப் பேச்சு. மூன்று மாடுகளையும் மேய்ப்பர்தான் உரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வேலியைத் திறந்ததையும் மாடு செத்ததையும் பற்றி நான் மூச்சுவிடவில்லை. சும்மா பேச்சுவாக்கில், மேய்ப்பர் உங்களைப் பார்க்க வருவதாக இருந்தார், கையில் ஏதோ பூச்சி கடித்து வீங்கிக் கிடக்கிறது என்றேன்.

"எப்படி இருக்கு?"

"கொப்புளம் மாதிரி வந்து நடுவுல கரியாட்டம் கறுத்திருக்கு அத்தை."

அத்தை கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "வலிக்குதாமா?"

"அதுதான் அதிசயம். கொஞ்சம்கூட வலியே இல்லங்கறாரு."

"வேலியத் தொறந்துட்டீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"எத்தனை மாடு செத்துச்சு? யாரு உரிச்சா?"

"மூணு. அண்ணன்தான் உரிச்சாரு."

அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம் இருக்கும். அந்த நேரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பெரியவரின் மந்தையை அழித்தது வறட்சியே இல்லை. அடைப்பான் நோய். டாக்டர்கள் ஆந்த்ராக்ஸ் என்பார்கள், அதன் கிருமி மண்ணுக்குள் பல வருஷம் சாகாமல் கிடக்கும். ஒரே வாரத்தில் நாற்பது மாடுகள் மூக்கில் ரத்தம் கக்கிச் செத்தன. இன்ன நோய் என்று பெரியவருக்குத் தெரியும். வெளியே தெரிந்தால் மிச்ச மாட்டை ஒருவரும் வாங்க மாட்டார்கள். அதனால் செத்ததையெல்லாம் எட்டு ஏக்கரில் குழிதோண்டிப் போட்டுவிட்டு, உயிரோடு நின்றதை அவசர அவசரமாக அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு விற்றுவிட்டார். ஒரு மாதத்துக்குள் அவர்களுடைய மந்தைகளும் விழுந்தன, எதனால் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆறு குடும்பங்கள் அப்படித்தான் போயின. அதில் நாலு பேருடைய நிலம் எங்களிடம் இருக்கிறது. என் மாமனார் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த சின்னப் பையன். அவருக்கு எதுவும் தெரியாது.

"செத்ததை உரிச்சது மேய்ப்பனோட அப்பா. கையில இதே மாதிரி கறுப்புப் புண்ணு. வலிக்கலன்னு சொல்லிச் சிரிச்சாரு. நான்தான் கழுவிக் கட்டுப் போட்டேன், எனக்குப் பதினேழு வயசு. அஞ்சாம் நாள் போயிட்டாரு. பாம்பு கடிச்சிருச்சுன்னு எங்கப்பா அவரு பொண்டாட்டிகிட்ட சொன்னாரு. நானும் தலையாட்டினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "போ, ஓடு, அவனக் கூட்டிட்டு வா" என்றார்.

ஓடினேன். போன் போட்டதும் கணவர் மேய்ப்பரை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் காய்ச்சல் கொதித்தது. நோயின் பெயர் தெரிந்ததால் டாக்டர் உடனே ஊசி போட்டார். இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். உயிர் பிழைத்தது, வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழே சூம்பிப் போயிற்று. எங்கள் மாடுகளில் இருபத்து மூன்று செத்தன. தோலோடு போட்டு எரித்தார்கள். இந்த வட்டாரத்தில் அடைப்பானே வந்ததில்லை என்று அரசாங்கப் பதிவேட்டில் இருந்ததாம், அதனால்தான் இத்தனை வருஷமாகத் தடுப்பூசி போடவில்லை என்றார் மாட்டு டாக்டர். பெரியவர் ஒரு பொய்யால் இரண்டு தலைமுறையின் தலையில் கல்லைப் போட்டிருக்கிறார்.

மேய்ப்பர் அதே ஆஸ்பத்திரியின் கீழ்மாடியில் மூன்று வாரம் படுத்திருந்தார். "போனது போகட்டும், அவருகிட்ட மட்டும் சொல்லிடாத" என்று கணவர் என்னிடம் கெஞ்சினார். நான் சொல்லவில்லை. அத்தைதான் அவரைக் கூட்டிவரச் சொன்னார். கட்டுப் போட்ட கையோடு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்கப்பாவக் கடிச்சது பாம்பு இல்லப்பா" என்றார் அத்தை. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை.

"அப்ப பாம்பே இல்லையா?" என்றார் மேய்ப்பர்.

"இல்ல."

"எங்கம்மா சாகற வரைக்கும் செருப்ப உதறாமப் போட்டதில்ல. வீட்டுக்குள்ளகூடப் பாத்துப் பாத்துத்தான் நடப்பா." நல்ல கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் அம்பது வருஷமா அடிச்சுக்கிட்டிருக்கேம்மா. குட்டியக்கூட விட்டதில்ல. அதுங்க எங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

அத்தை வாய்விட்டு அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். மேய்ப்பர் சமாதானம் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். பண்ணைக்கும் திரும்பவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். அத்தை அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்.

வேலியை இப்போது நான்தான் பார்க்கிறேன். மறுபடி ஐந்து கம்பி, கேட் கிடையாது. 'உள்ளே வர அனுமதி இல்லை' என்று ஒரு போர்டு வைத்தால் போதும் என்றார் கணவர். நான் கேட்கவில்லை. பெரிய தகரத்தில் என் கையாலேயே எழுதி மாட்டினேன்: 'இங்கே அடைப்பான் நோயில் செத்த மாடுகள் கிடக்கின்றன. நோயை மறைத்தவர்கள் இந்தப் பண்ணைக்காரர்கள். மாட்டை உரித்தவர் ஐந்தாம் நாள் இறந்தார். அவரைப் பாம்பு கடிக்கவில்லை.'

கடைசி வரி யாருக்குப் புரியும் என்று கணவர் கேட்டார். புரிய வேண்டியது ஒருவருக்குத்தான். அவர் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.