கரோல் பாகில் வாங்கிய காற்று மெஷின்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஞாபகமும் இப்போது சரியில்லை, முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தில்லி கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வரிசை ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் கார் கழுவிக்கொண்டிருந்தோம். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அவர் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார், நான் துணியால் துடைப்பேன். அந்த வரிசையில் நின்ற வண்டிகள்தான் எங்கள் பிழைப்பு.

முதல் மாடியில் ஒரு தமிழ் அம்மா இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் புதிதாகக் கறுப்புக் கார் வந்தது. ஒரு நாள் குளிர்கால வெயிலில் தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"இங்க வா. இது என்ன, சிலந்தி வலையாட்டம் கோடு?"

துணியில் ஒட்டியிருந்த மண் கீறியதுதான். எனக்குத் தெரிந்தது, சொல்ல வாய் வரவில்லை.

"பக்கத்து பிளாக்ல ஒருத்தன் காத்தடிக்கிற மெஷின் வெச்சிருக்கான். துணியே படாம காய வெக்கிறான். அடுத்த மாசத்துலேர்ந்து அவனையே வெச்சுக்கலாம்னு எல்லார் வீட்லயும் பேச்சு. அப்புறம் சொல்லலைன்னு வருத்தப்படாதே."

அன்றைக்கே என் வீட்டுக்காரர் கரோல் பாகுக்குப் போனார். சாயங்காலம் முனிர்காவில் எங்கள் அறைக்குள் நுழையும்போதே, "ப்ளோயர் வாங்கியாந்துட்டேன்" என்றார். பெட்டி சதுரமாக இருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம். பிரித்தால், கையில் பிடிக்க ஒரு பிடிகூட இல்லை. பிளக்கை மாட்டினோம். வலைக்குப் பின்னால் கம்பிச் சுருள் சிவந்தது, அறை கதகதவென்று ஆனது.

"என்னன்னு கேட்டீங்க?"

"ப்ளோயர்னுதான் கேட்டேன். கரம் ஹவாவான்னு கேட்டான். ஜல்தி காயணுமே, ஆமான்னேன்."

"கரம் ஹவான்னா சூட்டுக் காத்து. காருக்குக் குளிருதுன்னு சொன்னீங்களா?"

குளிர்காலத் தில்லியில் ப்ளோயர் என்றால் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே நான் நினைத்தேன். மறுநாள் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்ப, நானும் கூடப் போனேன். போனேனே தவிர, அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன்.

"ப்ளோயர் மாங்கா, ப்ளோயர் தியா" என்று கடைக்காரர் கையை விரித்தார். ப்ளோயர் கேட்டாய், ப்ளோயர் கொடுத்தேன் என்கிறார். என் வீட்டுக்காரர் துப்பாக்கி பிடிப்பதுபோல் கையை நீட்டி, வாயால் உஸ்ஸென்று ஊதி, "கார், பானி, ஹவா" என்று காரையும் தண்ணீரையும் காற்றையும் ஆடிக் காட்டினார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

"அச்சா, ஹேண்ட் ப்ளோயர்!"

இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார். முதலாவது சூடான காற்று, சீக்கிரம் காயும் என்றார். எனக்கு அந்தப் பெட்டியின் எழுத்து படிக்க வராது, ஆனால் படம் தெரிந்தது. ஒருத்தன் அதைக் கதவின் மேல் பிடித்து, பொங்கி வந்த பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இது பெயின்ட் உரிக்கிற மெஷின். அந்தம்மா கார் தோலை உரிச்சிடும்" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

இரண்டாவது குளிர்ந்த காற்று. உருண்டை வயிறு, முன்னால் பிளாஸ்டிக் மூக்கு. மூக்கு இரும்பாக இல்லாதது நல்லது, தப்பித் தவறி வண்டியில் இடித்தாலும் கீறாது. ஆனால் பெட்டியில் டேப்பின் மேலேயே இன்னொரு டேப் ஒட்டியிருந்தது. "சீல் பேக், மாதாஜி" என்றார் கடைக்காரர், நான் கேட்காமலே. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து மெஷினுக்கு முன்னால் பிடித்தேன். ஓட விட்டார்கள். கைக்குட்டை முழுக்கப் பொடிப்பொடியாகச் சாம்பல் புள்ளி.

"புதுசுக்குள்ள தூசி எப்படிங்க வரும்? யாரோ வெச்சு ஊதிட்டுத் திருப்பிக் குடுத்தது இது."

"டெஸ்டிங் கியா ஹை" என்றார் கடைக்காரர், என் கண்ணைப் பார்க்காமல். சோதித்துப் பார்த்ததாம்.

அப்போது நானே வாயைத் திறந்தேன். "தூஸ்ரா" என்றேன். வேறு ஒன்று. எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது.

வேறு வந்தது. கைக்குட்டையின் சுத்தமான மூலையைப் பிடித்தேன். ஈரம் பறந்தது, புள்ளி விழவில்லை. போகப்போகச் சூடாகிறதோ என்று புறங்கையையும் கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டு நின்றேன்.

"போதும் புள்ள, நம்மளத் தூக்கி வெளிய போட்டுடப் போறான்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஹீட்டரை முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எடுத்துக்கொண்டு அந்த மெஷினைக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் மெஷினும் கையுமாகக் கறுப்புக் காரின் முன் நின்றபோதுதான் கரண்டு நினைப்பே வந்தது. அந்த அம்மா மாடியிலிருந்து ஒரு வயரை இறக்கினார்கள், அரை மனதோடு. "ஷாக் கீக் அடிச்சா என்னைக் கேக்கக்கூடாது" என்றார்கள்.

காற்று பட்டதும் சொட்டுகள் கூரை மேல் ஓடின. கண்ணாடி மடிப்பிலும் கதவிடுக்கிலும் இத்தனை நாள் என் துணி எட்டாத தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. அந்த அம்மா இறங்கி வந்து கதவை ஒரு விரலால் தடவி, விரலைப் பார்த்தார்கள்.

"இன்னிக்குச் சரி. ஒரு மாசம் பார்க்கறேன்."

அப்படியே பார்த்தார்கள். தினமும் இறங்கி வந்து, வெயிலில் கோடு தேடினார்கள். அவர்கள் வருவதற்கு முன் நானும் தேடுவேன். பழைய கோடுகள் போகவில்லை, புதிது வரவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி அவர்கள் இறங்கி வரவில்லை, வயர் மட்டும் இறங்கி வந்தது. பக்கத்து பிளாக் ஆளை யாரும் கூப்பிடவில்லை, வரிசை எங்களுக்கே நின்றது.

ஈர வண்டியின் பக்கத்தில் அப்படி வயரை வைத்துக்கொண்டு வேலை செய்தது சரிதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அந்த மெஷின் எத்தனை வாட் என்பதும் தெரியாது. சூடு, குளிர் என்று நான் எழுதியிருப்பதிலும் தப்பு இருக்கலாம். மின்சார வேலை தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.