அம்மா தின்ற காந்தாரி மிளகாய்

திருவனந்தபுரத்து உணவகத்தில் சீனச் சமையலான சிச்சுவான் கோழியை வாயில் வைத்ததும் காரத்தில் நாக்கு மரத்து, கண்ணீர் கொட்டியது. பாறசாலையில் எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்புப் பண்டிகை நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

காந்தாரி மிளகாய் தின்னும் போட்டியில் அப்பா நான்காவது மிளகாயிலேயே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆண்கள் முன் வாய் திறக்காத அம்மா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் சுளிக்காமல் இருபது மிளகாய் தின்றுவிட்டு, "இன்னும் உண்டா?" என்று கேட்டாள். சிரிப்பு அடங்கியது. பரிசாகக் கிடைத்த சேவலை அப்பா கையில் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் அப்பா சேவலோடு நிமிர்ந்து முன்னே நடந்தார். அம்மா சத்தமில்லாமல் வாய்க்காலில் இறங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். நிமிர்ந்தபோது உதடு வீங்கியிருந்தது.

"உயிரு போவுது மக்கா. அப்பாட்ட சொல்லிப்போடாத, கேட்டியா?"

அப்பா இறக்கும்வரை நான் சொல்லவில்லை.