பல் டாக்டர் போர்டில் மஞ்சள்

தெருவில் அவரைக் ‘கலர் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். விசிட்டிங் கார்டு, பாட்டில் லேபிள், கடை போர்டு எல்லாம் டிசைன் செய்கிறவர். எண்ணெய் வடிந்து நிற்கும் பாஸ்போர்ட் போட்டோ மூஞ்சிகூட அவர் கை பட்டால் பத்து நாள் ஓய்வெடுத்துவிட்டு வந்த முகமாக மாறிவிடும். கலர் எண்களைப் பார்த்து வேலை செய்கிறவர்களை, புத்தகம் பார்த்து வெந்நீர் வைக்கிறவர்கள் என்பார். அவருக்குக் கண் போதும். கடை என்பது வீட்டின் முன்னறை. அதில் ஒரு மேசை, ஒரு லேமினேஷன் மிஷின், ஒரு மனைவி.

பதினோரு வருடம் உழைத்த கம்ப்யூட்டர் ஒரு காலையில் ‘டப்’ என்றது. கருகிய நாற்றம் வந்தது. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்களிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினார். புதிது வாங்குவது நடக்கிற காரியமில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து விற்கிற கடைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள்.

“இது எங்கேருந்து வந்தது?”

“ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி சார். மூடிட்டாங்க.”

“கம்பெனியையே மூட வச்ச கம்ப்யூட்டர் எனக்கா?”

“மூடுனது கம்ப்யூட்டர் இல்ல சார், முதலாளி. அவரை நாங்க விக்கறதில்ல.”

கலர் அண்ணன் ஒவ்வொரு கீயாக அழுத்தினார். இருப்பதிலேயே கனமான போட்டோ ஃபைலைத் திறந்து, திணறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். திணறவில்லை. மனைவி கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“பென் டிரைவ் சொருகற இடம் இருக்கா தம்பி?”

“நாலு இருக்கு அக்கா. ஆனா அதெல்லாம் இனிமே எதுக்கு? நெட்லயே பிரஸ்ஸுக்கு அனுப்பிடலாம். நீங்க நடக்கவே வேணாம்.”

“நடந்தா உடம்புக்கு நல்லது” என்றாள்.

பழைய கம்ப்யூட்டரில் நெட் வேலை செய்யாது. முடிந்த டிசைனைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு நாலு தெரு தள்ளியிருக்கும் பிரஸ்ஸுக்கு அவள்தான் போவாள். திரும்ப நேரமாகும். “ஏன் இவ்வளவு நேரம்?” என்றால், “பிரஸ்ல கூட்டம்” என்பாள்.

புதிய பழைய கம்ப்யூட்டரில் முதல் வேலை, பல் டாக்டருக்குப் பன்னிரண்டு அடி போர்டு. சிரிக்கும் பெண் ஒருத்தி, வாய் நிறையப் பல். மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் கலர் அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார். “இனிமே நீ அலைய வேணாம்” என்று பெருமையாகச் சொன்னார். ஈரத்தலையோடு அவள் ஓடினாள். பிரஸ்காரர் இல்லை, வேலையாள் அச்சடித்து முடித்து, போர்டு வண்டியேறிவிட்டது.

பல் டாக்டர் போனில் வந்தார். “ஏங்க, என் போர்டுல இருக்கற பொண்ணுதான் எனக்கு முதல் பேஷண்ட்டா?”

பன்னிரண்டு அடி அகலத்துக்குச் சோளக் கதிர்போல் மஞ்சள் பல்.

கலர் அண்ணன் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குப் போய்க் கத்தினார். கடைக்காரர் அதே ஃபைலை வரிசையாக மூன்று மானிட்டரில் திறந்தார்.

“மூணுலயும் மஞ்சள்தான் சார்.”

“எங்கய்யா மஞ்சள்? வெள்ளை வெளேர்னு இருக்கு!” மனைவி பக்கம் திரும்பினார். “நீ சொல்லு.”

அவள் தரையைப் பார்த்தாள். “மஞ்சள்தாங்க.”

“அப்ப பழசுல மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?”

“பிரஸ்ல உக்காந்து கலரை நான் மாத்திக் குடுப்பேன்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா.”

கடைக்காரர் கையிலேயே வைத்திருந்த ஸ்குரூ டிரைவரை மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

வழியெல்லாம் கலர் அண்ணன் மானிட்டரைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டே நடந்தார். வீட்டு வாசலில் நின்று கேட்டார். “ஏன் சொல்லல?”

“தெருவே உங்களைக் கலர்னு கூப்பிடுது. நான் எப்படிங்க சொல்லுவேன்? வயசாகுது, அதான்னு நினைச்சேன்.”

கண் டாக்டர் பொட்டு வெளிச்சத்தை உள்ளே அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கண் நரம்பு தேய்கிறது. வலிக்காது, சொல்லிக்கொள்ளாது. சிலருக்குக் கலரில்தான் முதலில் காட்டும். போன பார்வை போனதுதான். மிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுப் பிடித்துவைக்கப் பார்க்கலாம். “ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா...” என்று ஆரம்பித்து சீட்டு எழுதப் போய்விட்டார். டாக்டர்கள் அந்த வாக்கியத்தை முடிப்பதில்லை. அவள் முடித்துக்கொண்டாள், இப்போதும் முடித்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

கம்ப்யூட்டருக்கு ஆறு மாதம் வாரண்டி. கண்ணுக்கு அதுகூட யாரும் எழுதித் தரவில்லை.

இப்போது கலர் அண்ணன் எண்களைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார், மூக்கு திரையில் இடிக்க. பல்லுக்கு மஞ்சள் அஞ்சு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முனகிக்கொள்கிறார். எட்டா மூன்றா என்று குழம்பினால் விரலால் திரையைத் துடைத்துப் பார்க்கிறார். தெருவில் இன்னும் அதே பெயர்தான். கூப்பிட்டால் திரும்புகிறார்.

நெட் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. வேலை முடிந்ததும் பென் டிரைவைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவள் எடுத்துக்கொண்டு போகிறாள். நேற்று அவள் திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது.

“என்ன, பிரஸ்ல கூட்டமா?”

“ஆமாங்க.” செருப்பைக் கழற்றி வைத்தாள். “போன வாரத்தைவிட ஜாஸ்தி.”