தொட்டி மேட்டுச் சிவப்புத் துணி

எங்கள் மலையூருக்குக் கரண்ட் வந்த புதிதில் ஓடைப் பள்ளத்தில் மோட்டார் வைத்தோம். தண்ணீர் மேட்டிலிருந்த பூண்டுத் தோட்டத்துத் தொட்டிக்கு ஏற வேண்டும். தொட்டி நிறைந்துவிட்டதென்று பள்ளத்தில் நிற்கும் என் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? மேட்டில் ஒரு ஆள் நின்று சிவப்புத் துணியை ஆட்ட வேண்டும். அந்த ஆள் எங்கள் மகள். பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதங்களில் அவளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதுவும் உருப்படியாக நடந்ததா? மூடுபனி இறங்கினால் துணியும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. தொட்டி வழிந்து பாத்தி கரையும். நான் விடாமல் நச்சரித்ததில் பண்ணைக்காட்டு மெக்கானிக்கைக் கூட்டிவந்து மிதப்பு சுவிட்ச் மாட்டினார். தொட்டி நிறைந்தால் மிதப்பு உயர்ந்து சுவிட்சை அசைக்கும். சேதி ஒயர் வழியாகக் கீழே போனதும், ஸ்டார்ட்டர் பெட்டி மோட்டாரை நிறுத்தும். தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும். மகள் அன்றைக்கே புத்தகங்களுக்கு அட்டை போட்டாள்.

மறுநாள் காற்று பிடித்தது. தொட்டியில் அலையடிக்க, மிதப்பு துள்ள, கீழே ஸ்டார்ட்டர் டக் டக்கென்று மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதுமாகத் திணறியது. காற்று சொன்னதையெல்லாம் அது உத்தரவாக எடுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரரும் அப்படித்தான். டீக்கடையில் யார் எதைச் சொன்னாலும் அன்றைக்கு அதுதான் வேதம்.

"இது சரிப்படாது. மோட்டாருக்குள்ள காயில் கம்பி கருகிப் போச்சுன்னா, மலைய விட்டு எறக்கித்தான் புதுசாக் கட்டணும். அதுக்குள்ள பூண்டு காஞ்சிரும். ஒயரக் கழட்டிருவோம், புள்ள பழையபடி நிக்கட்டும்" என்றார்.

"நிக்க மாட்டா. இன்னைக்கு ஒரு நாப் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, கோபத்தோடு தொட்டிக்கு ஏறினேன்.

உருளைக்கிழங்கு அலசுகிற ஓட்டைத் தகர டின் ஒன்று தொட்டிக்குள் நின்றது. சுற்றிலும் அலை புரண்டுகொண்டிருந்தது. டின்னுக்குள் இருந்த தண்ணீர் மட்டும் அசையவில்லை. குனிந்து வெகு நேரம் பார்த்தேன். அடியிலிருந்த சின்ன ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறி இறங்க முடியும். அலைக்கு அங்கே வழியில்லை. சந்தோஷத்தில் அவரைக் கூவி அழைத்தேன்.

முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். டின்னைத் தொட்டி விளிம்போடு கம்பியால் கட்டி, மிதப்பை அதற்குள் விட்டோம். பிறகு அவருக்கே ருசி தட்டிவிட்டது.

"லேசா எறங்குனதுக்கெல்லாம் மோட்டார் ஓடக் கூடாது. ஒரு சாண் எறங்கட்டும், அப்ப ஓடுனாப் போதும்" என்று மிதப்பைச் சுவிட்சோடு இணைத்த கயிற்றின் முடிச்சை நகர்த்திக் கட்டினார். இந்த மூளை இத்தனை நாளாக எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

விடிந்ததும் காற்று முந்தின நாளைவிட மோசம். மகள் தலை பின்னி, புத்தகத்தை மார்போடு அணைத்தபடி என்னோடு தொட்டி மேட்டில் பள்ளத்தைப் பார்த்து நின்றாள். மோட்டார் ஓடியது. தொட்டி நிறைந்ததும் ஸ்டார்ட்டர் ஒரே ஒரு முறை டக்கென்றது, மோட்டார் நின்றது. அவர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"ஆத்தா, இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? வெரசாப் போ, மணி அடிச்சிருவாக."

ஒரு வாரம் கழித்து வீட்டைக் குடைந்துகொண்டிருந்தார். "அந்தச் செவப்புத் துணி எங்க? ஒரு அவசரத்துக்கு ஆகும்ல."

நான் வாசலைக் காட்டினேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தாள். அவள் தோளில் அது புத்தகப் பையாகத் தொங்கியது.